ஒரு சட்டம் அமெரிக்க அரசியலமைப்புக்கு உட்பட்டதா? படிப்படியாகக் கண்டறியும் முறை

அமெரிக்காவில் ஒரு சட்டமோ அதிபரின் ஆணையோ சர்ச்சையானதும் "இது அரசியலமைப்புக்கு விரோதம்" என்ற குரல் கிளம்பும். உடனே பலரும் பேச்சுரிமை, சமத்துவம் என்று நேராக உரிமைகளுக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. நீதிமன்றம் உரிமைகளைத் தொடுவதற்கு முன் வேறு பல கேள்விகளைக் கேட்கிறது. உரிமை என்ற சொல்லே எழாமல் முடிந்துபோன பெரிய வழக்குகள் ஏராளம். கேள்விகளின் வரிசை பிடிபட்டால் எந்த வழக்கையும் ஓரளவு நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம். அந்த வரிசைதான் இங்கே தரப்படுகிறது. கடைசியில் ஒரு நிஜ வழக்கை எடுத்து எல்லாப் படிகளையும் அதில் ஓட்டிப் பார்க்கலாம்.

முன்னேற்பாடு: மூல ஆவணம்

முதலில் அரசியலமைப்பையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1787 செப்டம்பர் 17 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 39 பேர் கையெழுத்திட்ட அந்த ஆவணம் சுமார் 4,500 சொற்கள்தான், 7 உறுப்புகள். அதன்பின் 27 திருத்தங்கள். முதல் பத்தும் 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தன. ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய அளவு.

சில இடங்களில் மட்டும் அடையாளம் வையுங்கள். 1-ஆம் உறுப்பின் 8, 9, 10-ஆம் பிரிவுகள்: காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, மாநிலங்கள் எதைச் செய்யக்கூடாது. 2-ஆம் உறுப்பின் 2, 3-ஆம் பிரிவுகள்: அதிபரின் அதிகாரங்கள், கடமைகள். 3-ஆம் உறுப்பின் 2-ஆம் பிரிவு: நீதிமன்றங்கள் எந்த வழக்கைக் கேட்கலாம். 6-ஆம் உறுப்பின் இரண்டாம் பத்தி: ஃபெடரல், அதாவது மத்திய அரசின், சட்டமே மேலானது. திருத்தங்களில் 1, 4, 5, 6, 8, 10, 14. பெரும்பாலான சண்டைகள் இவற்றுக்குள் அடங்கிவிடும்.

படி 1: செய்தது அரசா, தனியாரா?

அரசியலமைப்பு அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. அண்டை வீட்டாரையோ தனியார் நிறுவனத்தையோ அல்ல. அடிமை முறையை ஒழித்த 13-ஆம் திருத்தம் மட்டும் தனியாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும். ஒரு சமூக ஊடக நிறுவனம் உங்கள் பதிவை நீக்கினால் முதல் திருத்தம் துணைக்கு வராது, ஏனென்றால் நீக்கியது அரசு அல்ல.

எல்லைக்கோட்டில் நிற்கும் வழக்குகள்தான் கடினமானவை. நகராட்சி அதிகாரி ஒருவர் தம் சொந்த ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு குடிமகனைத் தடுத்தால் அது அரசின் செயலா? 2024-இல் லிண்ட்கே எதிர் ஃப்ரீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு நிபந்தனைகளைச் சொன்னது: அரசின் சார்பில் பேசும் உண்மையான அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகவே அவர் பேசியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது அவருடைய தனிப்பட்ட செயல்.

அப்படியானால் கறுப்பினத்தவருக்கு அறை தர மறுத்த தனியார் விடுதியை எப்படித் தடுத்தார்கள்? அரசியலமைப்பால் நேரடியாக அல்ல, காங்கிரஸ் இயற்றிய 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தால். இங்கே ஒரு வரலாற்றுப் பாடம் இருக்கிறது. இதே நோக்கத்துடன் 1875-இல் போட்ட சட்டத்தை, 14-ஆம் திருத்தம் தனியாரைத் தொடாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1883-இல் தள்ளிவிட்டது. அதனால் 1964-இல் காங்கிரஸ், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் தன் அதிகாரத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்ட, 216 அறைகள் கொண்ட ஹார்ட் ஆஃப் அட்லாண்டா விடுதியின் விருந்தினர்களில் சுமார் 75 சதவீதம் பேர் வெளிமாநிலத்தவர். அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்தான் என்று நீதிமன்றம் ஏற்றது. சட்டம் நிலைத்தது.

படி 2: வழக்குத் தொடுத்தவருக்குத் தகுதி உண்டா?

ஃபெடரல் நீதிமன்றங்கள் நிஜமான வழக்குகளை மட்டுமே கேட்கும். இந்தியாவில் குடியரசுத் தலைவர் 143-ஆவது உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம். பொதுநல வழக்கும் போடலாம். அமெரிக்காவில் இரண்டுக்கும் இடமில்லை. 1793-இல் அதிபர் வாஷிங்டன் தரப்பு ஆலோசனை கேட்டபோதே நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள்.

வழக்காளி மூன்றைக் காட்ட வேண்டும்: தமக்கு நேர்ந்த, அல்லது நேரவிருக்கும் திட்டவட்டமான பாதிப்பு, அது எதிர்த்தரப்பின் செயலால் வந்தது, தீர்ப்பு கிடைத்தால் அது தீரும். 2024-இல் கருக்கலைப்பு மாத்திரைக்கான அனுமதியை எதிர்த்து மருத்துவர் அமைப்புகள் போட்ட வழக்கு இந்தப் படியிலேயே நின்றது. அவர்கள் அந்த மாத்திரையை எழுதிக் கொடுப்பவர்களும் அல்ல, உட்கொள்பவர்களும் அல்ல என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அனுமதி சரியா தவறா என்ற கேள்விக்கு நீதிமன்றம் போகவே இல்லை. இத்தகைய தீர்ப்பை "உச்ச நீதிமன்றம் அனுமதியை ஏற்றது" என்று எழுதுவது பிழை. செய்தித்தாள்களில் அடிக்கடி காணப்படும் பிழை இது.

படி 3: அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

இந்தப் படியில்தான் நிதானமாக நிற்க வேண்டும். ஃபெடரல் அரசுக்கும் மாநில அரசுக்கும் கேள்வியே வேறு. மாநிலங்களுக்குப் பொதுவான ஆட்சி அதிகாரம் உண்டு. மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, ஒழுங்கு ஆகியவற்றுக்காகச் சட்டம் போட அவை தனியாக எந்த வரியையும் காட்ட வேண்டியதில்லை. காங்கிரஸ் அப்படியல்ல. தான் போடும் ஒவ்வொரு சட்டத்துக்கும் அரசியலமைப்பில் ஓர் ஊற்றைக் காட்டியாக வேண்டும். மிச்சமுள்ளதெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்று 10-ஆம் திருத்தம் சொல்கிறது.

1-ஆம் உறுப்பின் 8-ஆம் பிரிவில் 18 கூறுகள் உள்ளன. அவற்றில் அதிகம் பயன்படுவது மூன்றாவது: மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம். அதன் எல்லையை அறிய இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் படியுங்கள்.

முதலாவது, 1942-இன் விக்கார்ட் எதிர் ஃபில்பர்ன். ஒஹையோவில் ஒரு விவசாயிக்குக் கோதுமை பயிரிட அனுமதிக்கப்பட்டது 11.1 ஏக்கர்; அவர் விதைத்தது 23 ஏக்கர். கூடுதலாக விளைந்த 239 புஷல் கோதுமை தம் பண்ணையின் உபயோகத்துக்கே என்றார். அப்படியும் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். ஒருவர் சந்தையில் வாங்காமல் விட்டது சிறிது. எல்லா விவசாயிகளும் அப்படிச் செய்தால் நாட்டின் கோதுமை விலையே ஆடிப்போகும். தனி ஒருவரின் செயலைப் பார்க்காமல், அந்த வகைச் செயல்கள் முழுவதையும் கூட்டிப் பார்க்கும் முறை இங்கே உறுதிப்பட்டது.

இரண்டாவது, 1995-இன் அமெரிக்க அரசு எதிர் லோபஸ். பள்ளியிலும் அதைச் சுற்றியும் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கிய ஃபெடரல் சட்டத்தை 5-4 என்ற கணக்கில் நீதிமன்றம் செல்லாது என்றது. துப்பாக்கி வைத்திருப்பது பொருளாதாரச் செயல் அல்ல. கல்வி கெடும், அதனால் வணிகம் கெடும் என்று சங்கிலி கோத்துக்கொண்டே போனால் காங்கிரஸின் அதிகாரத்துக்கு வரம்பே இராது. பள்ளியில் துப்பாக்கி ஆபத்தானது என்பதை எந்த நீதிபதியும் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சட்டம் நல்லது என்பதாலேயே அதைப் போட காங்கிரஸுக்கு அதிகாரம் வந்துவிடாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டவர் பாதித் தூரத்தைக் கடந்துவிட்டார். பிற்பாடு காங்கிரஸ் என்ன செய்தது? மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தின் வழியாக வந்த துப்பாக்கி என்று நிரூபிக்க வேண்டும் என ஒரு வாசகத்தைச் சேர்த்து அந்தச் சட்டத்தைத் திரும்பவும் இயற்றியது.

வணிக அதிகாரம் கைகொடுக்காவிட்டால் வரி விதிக்கும் அதிகாரத்தைப் பாருங்கள். 2012-இல் எல்லோரும் மருத்துவக் காப்பீடு வாங்க வேண்டும் என்ற ஒபாமா காலச் சட்டம் வணிக அதிகாரத்தில் நிற்கவில்லை. வாங்காதவர் கட்ட வேண்டிய தொகை ஒரு வரி என்ற கோணத்தில் 5-4 கணக்கில் பிழைத்தது. அடுத்து, நிதி கொடுத்து நிபந்தனை போடும் வழி. மது அருந்தும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தை நிறுத்தலாம் என்று 1987-இல் சௌத் டகோட்டா வழக்கில் ஏற்றார்கள். அதே 2012 வழக்கில், ஏழைகளுக்கான மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டின் நிதி முழுவதையும் பிடுங்கிவிடுவோம் என்ற மிரட்டலை மட்டும் ஏற்கவில்லை. சிறு இழப்பு என்றால் அது தூண்டுதல். மாநில பட்ஜெட்டையே ஆட்டும் இழப்பு என்றால் அது கட்டாயம்.

ஊற்று இருந்தாலும் ஒரு தடை உண்டு: மாநில அரசுகளைத் தன் ஏவலாளாக்கி "நீ இந்தச் சட்டத்தைப் போடு, போடாதே, நடைமுறைப்படுத்து" என்று காங்கிரஸ் உத்தரவிட முடியாது. விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கக்கூடாது என்ற ஃபெடரல் சட்டம் 2018-இல் இதனால்தான் விழுந்தது. இன்று பல மாநிலங்களில் அது சட்டபூர்வமாக நடப்பதற்கு அந்தத் தீர்ப்பே காரணம்.

மாநிலச் சட்டமும் செல்லுபடியாகும் ஃபெடரல் சட்டமும் மோதினால் ஃபெடரல் சட்டமே வெல்லும். அதற்கு மேல் இங்கே சொல்ல அதிகமில்லை.

படி 4: சரியான கிளை, சரியான முறையில் செய்ததா?

அதிகாரம் ஃபெடரல் அரசிடம் இருக்கலாம். ஆனால் காங்கிரஸ் செய்ய வேண்டியதை அதிபர் செய்தாரா என்று பாருங்கள். 1952-இல் கொரியப் போரின் நடுவே எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரவிருந்தபோது, அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். நீதிமன்றம் 6-3 கணக்கில் தடுத்தது. அதில் நீதிபதி ஜாக்சன் தனியாக எழுதிய கருத்துதான் இன்றுவரை அளவுகோல். காங்கிரஸின் ஒப்புதலோடு அதிபர் செயல்பட்டால் அவர் பலம் உச்சத்தில். காங்கிரஸ் மௌனமாக இருந்தால் மங்கலான நடுப்பகுதி. காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகச் சென்றால் பலம் மிகக் குறைவு. எந்த நிர்வாக ஆணையைப் பற்றிப் படித்தாலும் முதலில் தேட வேண்டியது: "எந்தச் சட்டம் இவருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது?"

முறையும் முக்கியம். ஒரு மசோதா பிரதிநிதிகள் சபை, செனட் இரண்டிலும் ஒரே வடிவில் நிறைவேறி அதிபரிடம் போக வேண்டும். ஞாயிறு நீங்கலாகப் பத்து நாளுக்குள் அவர் கையெழுத்திடலாம், அல்லது மறுப்புக் கூறித் திருப்பலாம். திருப்பினால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் ஜக்தீஷ் ராய் சாதாவை நாடுகடத்துவதை நிர்வாகம் நிறுத்திவைத்தபோது, பிரதிநிதிகள் சபை மட்டும் வாக்களித்து அந்த முடிவை மாற்றியது. ஓர் அவையின் தீர்மானம் சட்டம் ஆகாது என்று 1983-இல் நீதிமன்றம் 7-2 கணக்கில் சொன்னது. ஒரு மாணவரின் வழக்கால், இதே போன்ற ஏற்பாடு கொண்டிருந்த ஏராளமான ஃபெடரல் சட்டங்கள் ஒரே நாளில் கேள்விக்குள்ளாயின.

செனட்டில் விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும் என்பது அரசியலமைப்பில் இல்லை, செனட்டின் சொந்த விதி. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் என்பதும் அரசியலமைப்பில் இல்லை. 1869-இலிருந்து சாதாரணச் சட்டத்தால் அப்படி இருந்துவருகிறது. அரசியலமைப்பில் இருப்பதையும் வழக்கத்தில் இருப்பதையும் குழப்பிக்கொண்டால் எதை எப்படி மாற்றலாம் என்ற கணக்கே தவறிவிடும்.

படி 5: உரிமை எது? அது இந்த அரசைக் கட்டுப்படுத்துமா?

இப்போதுதான் உரிமைகள். முதல் பத்துத் திருத்தங்கள் ஆரம்பத்தில் ஃபெடரல் அரசை மட்டுமே கட்டுப்படுத்தின. 1833-இல் பால்டிமோர் நகரத்துக்கு எதிரான வழக்கில் நீதிமன்றம் அதை வெளிப்படையாகவே சொன்னது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் வந்த 14-ஆம் திருத்தம், முறையான சட்ட நடைமுறையின்றி எந்த மாநிலமும் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக்கூடாது என்றது. அந்த வாசகத்தின் வழியாக உரிமைகள் ஒவ்வொன்றாக மாநிலங்களுக்கும் பொருந்தின. பேச்சுரிமை 1925, குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் 1963, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை 2010, மிதமிஞ்சிய அபராதத் தடை 2019.

எனவே மாநிலத்துக்கோ நகரத்துக்கோ எதிரான வழக்கில் "முதல் திருத்தம் மீறப்பட்டது" என்று மட்டும் எழுதினால் குறை. "14-ஆம் திருத்தத்தின் வழியாகப் பொருந்தும் முதல் திருத்தம்" என்பதே சரி. இன்னும் பொருந்தாதவையும் உண்டு. கடுங்குற்றத்துக்குக் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) வேண்டும் என்ற 5-ஆம் திருத்தத்தின் விதி மாநிலங்களுக்கு இன்றும் கட்டாயமில்லை.

படி 6: எந்தச் சோதனை?

இந்திய அரசியலமைப்பு 19-ஆவது உறுப்பில் பேச்சுரிமையைக் கொடுத்து, அடுத்த வரியிலேயே நியாயமான கட்டுப்பாடுகளையும் பட்டியலிடுகிறது. அமெரிக்க வாசகத்தில் அப்படி எந்த விதிவிலக்கும் இல்லை. ஆகவே எப்போது கட்டுப்படுத்தலாம் என்பதற்கான அளவுகோல்களை நீதிமன்றமே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பொதுவாக மூன்று படிநிலைகள்.

அடிமட்டம், ரேஷனல் பேசிஸ்: சட்டத்துக்கும் ஏதேனும் ஒரு நியாயமான நோக்கத்துக்கும் தொடர்பு இருந்தால் போதும். நிரூபிக்கும் சுமை எதிர்ப்பவர் தலையில். தொழில், வணிகக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் இங்கே. அரசு ஏறக்குறைய எப்போதும் வெல்லும்.

நடு மட்டம்: முக்கியமான நோக்கம், அதோடு நெருங்கிய தொடர்பு. பாலினப் பாகுபாடு இங்கே வரும். ஒக்லஹோமாவில் 3.2 சதவீத பீரைப் பெண்கள் 18 வயதில் வாங்கலாம், ஆண்கள் 21 வரை காத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அரசு காட்டிய புள்ளிவிவரப்படி, அந்த வயது ஆண்களில் மது அருந்தி வண்டி ஓட்டிக் கைதானவர்கள் 2 சதவீதம், பெண்களில் 0.18 சதவீதம். இரண்டு சதவீதத்தினருக்காக எல்லா ஆண்களையும் தடுப்பது பொருந்தாது என்று 1976-இல் அந்தச் சட்டம் விழுந்தது.

மேல்மட்டம், ஸ்டிரிக்ட் ஸ்க்ரூட்டினி: தவிர்க்கவே முடியாத நோக்கம், அதற்கு அளவாக வெட்டித் தைத்த சட்டம். சுமை அரசின் தலையில். இனப் பாகுபாடு, பேச்சின் பொருளை வைத்துத் தடை செய்வது ஆகியவை இங்கே. இந்த மட்டத்தில் சட்டம் பிழைப்பது அபூர்வம்.

எந்த மட்டம் என்று தீர்ந்தாலே பெரும்பாலும் முடிவும் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் வழக்கறிஞர்கள் முடிவைவிட மட்டத்துக்காக அதிகம் மோதுகிறார்கள். துப்பாக்கி உரிமையில் இந்த ஏணி இல்லை. 2022 முதல், இன்றைய கட்டுப்பாட்டுக்கு நாட்டின் வரலாற்றில் ஒத்த மரபு உண்டா என்று பார்க்கிறார்கள். இரட்டைப் பிறவிபோல அப்படியே ஒத்த பழைய சட்டம் தேவையில்லை, அடிப்படைக் கொள்கை ஒத்தால் போதும் என்று 2024-இல் ரஹீமி வழக்கில் தெளிவுபடுத்தினார்கள்.

எல்லாப் படிகளையும் ஒரு வழக்கில் ஓட்டிப் பார்ப்பது

அரிசோனாவின் கில்பர்ட் நகரம் தெருப் பலகைகளுக்கு விதி போட்டது. கருத்துச் சொல்லும் பலகை 20 சதுர அடி வரை, கால வரம்பில்லை. தேர்தல் பலகை குடியிருப்புப் பகுதியில் 16, மற்ற இடங்களில் 32 சதுர அடி வரை. ஒரு நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் தற்காலிகப் பலகை 6 சதுர அடிதான். நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்பிருந்து 1 மணி நேரம் பின்புவரை மட்டும். சொந்தக் கட்டடமில்லாத ஒரு சிறிய தேவாலயம் ஞாயிறு வழிபாட்டுக்குச் சனிக்கிழமை காலையிலேயே வழிகாட்டிப் பலகைகளை நட்டது.

படி 1: விதி நகரத்தினுடையது, அரசின் செயல். படி 2: இருமுறை அறிவிக்கை வந்தது, ஒரு பலகை பறிமுதலானது, திட்டவட்டமான பாதிப்பு. படி 3: நகரம் மாநிலத்தின் அதிகாரத்தில் இயங்குவதால் காங்கிரஸைப் போல ஊற்றுக் காட்டத் தேவையில்லை. படி 4: ஃபெடரல் கிளைகளுக்கானது, இங்கே எழவில்லை. படி 5: 14-ஆம் திருத்தத்தின் வழியாகப் பேச்சுரிமை.

படி 6-இல்தான் வழக்கு முழுவதும். கீழ் நீதிமன்றங்கள் நகரத்துக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று சொல்லி லேசான சோதனையைப் பயன்படுத்தின. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது: பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தால்தான் எந்த விதி பொருந்தும் என்று தெரியும், ஆகவே இது பேச்சின் பொருளைச் சார்ந்த விதி, எண்ணம் நல்லதானாலும் கடுஞ்சோதனைதான். நகரம் சொன்ன காரணங்கள் அழகும் போக்குவரத்துப் பாதுகாப்பும். வழிகாட்டிப் பலகை தேர்தல் பலகையைவிட அசிங்கமானதும் அல்ல, ஆபத்தானதும் அல்ல. ஒன்றைத் தாராளமாக விட்டு மற்றதை நெருக்கும் விதி அளவாக வெட்டப்பட்டதல்ல. ஒன்பது பேரும் விதி செல்லாது என்றார்கள்.

ஆனால் தீர்ப்பைப் படிக்கும்போது இன்னொரு கணக்கும் வேண்டும். முடிவில் ஒன்பது பேர் சேர்ந்தாலும், நீதிபதி தாமஸ் எழுதிய காரணத்தில் சேர்ந்தவர்கள் அவரையும் சேர்த்து ஆறு பேர்தான். கேகன், கின்ஸ்பர்க், பிரேயர் மூவரும் இவ்வளவு அகலமான விதி வேண்டாம் என்றார்கள். முன்தீர்ப்பாகப் பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது பெரும்பான்மையின் காரணம். தீர்ப்பின் தொடக்கத்தில் அச்சாகும் சுருக்கம் நீதிமன்ற அலுவலகம் தயாரிப்பது; அது தீர்ப்பின் பகுதி அல்ல, அதை மேற்கோள் காட்டக்கூடாது.

கடைசியாக, அந்தத் தீர்ப்பு இன்றும் அதே அளவில் நிற்கிறதா என்று தேடுங்கள். 2022-இல் ஆஸ்டின் நகரத்தின் விளம்பரப் பலகை வழக்கில், ஒரு கடை தன் வளாகத்திலேயே வைக்கும் பலகைக்கும் வேறிடத்தில் வைக்கும் பலகைக்கும் தனித்தனி விதி போடுவது தன்னளவில் பேச்சின் பொருளைச் சார்ந்த விதி ஆகாது என்று பெரும்பான்மை தீர்ப்பளித்தது. வேறுபாட்டை அறியப் பலகையைப் படிக்க வேண்டியிருக்கிறது என்பது மட்டுமே கடுஞ்சோதனையைக் கொண்டுவராது. இடத்தைச் சார்ந்த விதிக்கு நடு மட்டச் சோதனை போதும் என்றார்கள். ஆகவே இன்று ஒரு நகரப் பலகை விதியை ஆராய்பவர் 2015 தீர்ப்போடு நிறுத்தினால் விடை தவறிவிடும். இரண்டையும் சேர்த்து வைத்து, அந்த விதி பேச்சின் பொருளைப் பிரிக்கிறதா, பலகை நிற்கும் இடத்தைப் பிரிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.